பெரியம்மாவின் இடது கால்

எங்கள் குடும்பத்திலும் சினிமாவில் நடித்தவர் ஒருவர் உண்டு. முழுதாக நடிக்கவில்லை. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே வரைதான் நடித்தார். அவர் என் அம்மாவின் மூத்த அக்கா, எனக்குப் பெரியம்மா.

அப்பாவுக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. நகரியத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். கோடை விடுமுறை தொடங்கியதும் பெரியம்மா செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக, மடியில் ஒரு துணிப்பையோடு வந்து இறங்குவாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். அம்மாவுக்கும் அவளுக்கும் வயதில் ரொம்ப தூரம். பேச்சில் அதைவிட தூரம். பெரியம்மா வாயைத் திறந்தால் 'இன்னா', 'வூடு', 'கீது' எல்லாம் வரிசையாக வந்து விழும். அம்மாவோ பால்காரரிடம் கணக்குக் கேட்பதைக்கூட வானொலியில் செய்தி வாசிப்பதைப் போலத்தான் கேட்பாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

குவார்ட்டர்ஸ் மாமிகளிடம் அம்மா சொல்லி வைத்திருந்தது, அக்கா சென்னையில் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்தவர் என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பெரியம்மாவும் அந்தப் பதவியை மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டிருந்தாள். கல்லூரிக்குப் போகும் பெண்ணை வைத்திருந்த ஒரு மாமி வந்து விடுதிகளைப் பற்றி யோசனை கேட்டபோது, பொழுது சாய்ந்தால் கேட்டைப் பூட்டிவிட வேண்டும், சாவியை மட்டும் யாரையும் நம்பிக் கொடுக்கக் கூடாது என்று அவள் சொன்ன கண்டிப்பில் எனக்கே முதுகு நிமிர்ந்துவிட்டது.

அவளிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. எந்த வேலையைத் தொட்டாலும் யாராவது 'போதும்' என்று சொல்லும்வரை நிறுத்தமாட்டாள். சட்னி அரைக்கச் சொன்னால் அது சந்தனமாகிவிடும். எனக்குத் தலைவாரத் தொடங்கினால் மண்டை எரியும்வரை வாருவாள். அம்மா அடுக்களையிலிருந்தே, "போதும்க்கா" என்று குரல் கொடுப்பாள். அந்த நொடியே சீப்பு நின்றுவிடும்.

இன்னொன்று, அவள் இடது காலின் சுண்டுவிரல். அது தரையைத் தொடாது. பக்கத்து விரல்மேல் லேசாக ஏறி, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையைப் போல எப்போதும் தூக்கிக்கொண்டு நிற்கும். சுண்டுவிரல் மண்ணில் படாத பெண் புருஷனை விழுங்கிவிடுவாள் என்று ஒரு பேச்சு உண்டாம். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, காலைப் பார்த்ததும் காபியை வைத்துவிட்டு எழுந்து போனார்களாம். இதைச் சொல்லும்போது பெரியம்மா துளியும் வருத்தப்படமாட்டாள். "தப்பிச்சானுங்க" என்பாள்.

எனக்குப் பத்து வயதிருக்கும் அந்தக் கோடையில். நகரியத்து மைதானத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் திரை கட்டிப் படம் போடுவார்கள். என்ன படம் என்று கடைத்தெருவில் ஒரு கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். ஒருநாள் நானும் பெரியம்மாவும் காய் வாங்கிக்கொண்டு வரும்போது அவள் அந்தப் பலகையின் முன்னால் நின்றுவிட்டாள். பழைய கறுப்பு வெள்ளைப் படம். பையிலிருந்து முருங்கைக்காய்கள் ஒவ்வொன்றாக நழுவி விழுவதைக்கூட அவள் கவனிக்கவில்லை. நான் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

வரும் வழியில் சவுக்கு மரத்தடியில் என்னை உட்கார வைத்து அவள் சொன்ன கதையில் விடுதியும் இல்லை, வார்டனும் இல்லை. அவர்கள் அப்பா செத்துப்போய், அடுப்பு எரியாமல் இருந்த நாளில் செங்கல்பட்டில் ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. அதில் ஆடப் போனாள். நாடகத்தில் அவளுக்கு வேஷம் கிடையாது. ஒரு காட்சி முடிந்து முன்திரை இறங்கியதும், உள்ளே அரண்மனையைக் கழற்றிக் காட்டை மாட்டுவார்கள். அதுவரை ஜனங்கள் எழுந்து போகாமல் இருக்க வேண்டுமே, அதற்காகத் திரைக்கு முன்னால் அவள் ஆடுவாள். காடு எப்போது தயாராகும் என்று யாருக்கும் தெரியாது. சில நாள் ஆணி கிடைக்காது. சில நாள் மரமே கிழிந்திருக்கும். உள்ளேயிருந்து பலகையைத் தட்டி யாராவது "போதும்" என்று சொல்லும்வரை ஆட வேண்டும். அவள் ஆடிய எந்த ஆட்டத்துக்கும் முடிவு என்று ஒன்று இருந்ததில்லை. எனக்குச் சட்னி விஷயம் அப்போதுதான் விளங்கியது.

பிறகு சினிமா. கூட்டத்தில் ஆடுகிற பெண்களில் ஒருத்தி. பெரும்பாலும் கடைசி வரிசை, அல்லது தூணுக்குப் பின்னால். மகாபலிபுரத்துப் பாறைமேல் மீனவப் பெண்ணாக உச்சிவெயிலில் ஆடி உள்ளங்கால் கொப்பளித்துப்போய், ஊருக்குத் தவழாத குறையாக வந்து சேர்ந்தாளாம். இதைக் கேட்டதும் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் மகாபலிபுரம் போகும்போதெல்லாம் அப்பா எங்களுக்குப் பல்லவர் வரலாறு சொல்லிக்கொண்டிருப்பார். பெரியம்மா மட்டும் சிற்பத்தை விட்டுவிட்டு, கொலுசைத் தொலைத்தவளைப் போலப் பாறையையே பார்த்துக்கொண்டு நடப்பாள்.

அப்புறம்தான் இந்தப் படம். கதாநாயகிக்கு நிலவு மாதிரி முகம். ஆனால் ஆட்டம் வராது. அதனால் இடுப்புக்கு மேலே அவரைப் படம் பிடித்தார்கள். காலுக்குப் பெரியம்மாவைப் பிடித்தார்கள். ஒரே கரை வைத்த சேலை இரண்டு, ஒரே மாதிரிச் சலங்கை இரண்டு.

"மேல அவுங்க சிரிப்பாங்க, கீழ நான் ஆடுவேன்" என்றாள் பெரியம்மா. "ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு பொம்பள."

சுண்டுவிரல்தான் வம்பு செய்தது. நடன வாத்தியார் அதைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு, மீசை ஒட்டுகிற கோந்தைக் கொண்டுவரச் சொல்லி, பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டிவிட்டார். மேலே மருதாணி. பாதிப் பாட்டில் கோந்து பிய்த்துக்கொண்டு விரல் எழுந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. யாரும்தான் 'போதும்' என்று சொல்லவில்லையே. மற்ற எல்லாம் நன்றாக வந்திருந்ததால் அதையே வைத்துக்கொண்டார்கள். அத்தனை வருஷம் ஆடியதில் இதுதான் தன்னுடையது என்று அவள் காட்டக்கூடிய ஒரே இடம் அந்த விரல் எழுகிற இடம். பெயர் கிடையாது, முகம் கிடையாது, வீட்டில் ஒரு போட்டோ கிடையாது.

அவளுக்கு என்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. "உங்க அம்மாவ எப்படியாவது கூட்டிகினு போ. முன்னாடி குந்த வை. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத" என்றாள். நீங்களும் வாருங்கள் என்றேன். "நான் எதுக்குடி? நான்தான் அங்க கீறனே" என்றுவிட்டாள்.

அம்மாவைச் சினிமாவுக்குக் கிளப்புவது லேசுப்பட்ட காரியமா? எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை டிவியில் படம் தொடங்கினால் அம்மாவுக்கு உடனே துணி மடிக்கிற வேலை வந்துவிடும், அதுவும் பின்னறையில். அவளுக்குச் சினிமா பிடிக்காது, அது ஓர் உயர்ந்த குணம் என்றே நான் நினைத்திருந்தேன். அழுது பார்த்தேன். தோசையைத் தொடாமல் உட்கார்ந்து பார்த்தேன். பழைய படத்தில் நல்ல கருத்துகள் இருக்கும் என்று அப்பாகூடச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சனிக்கிழமை மத்தியானம், அரிசி களைந்துகொண்டிருந்த பெரியம்மா, தலையைத் திருப்பாமலேயே, "குழந்த கேக்குதுல்ல, போய்ட்டு வாயேன். ஒலைய நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அம்மா கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, "நீயா சொல்ற?" என்று கேட்டாள்.

"நான்தான் சொல்றேன்."

அம்மா போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். நான் என் சாமர்த்தியம் பலித்தது என்று குதித்தேன்.

பெரியம்மா ஒரு காரியத்தைத்தான் ஒப்படைத்தாள். நான் இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் சுரேஷிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுரேஷின் அப்பாவும் என் அப்பாவும் ஒரே இடத்தில் வேலை செய்தார்கள். எதையும் நிரூபித்தால்தான் நம்புவான் அவன், அப்படி வளர்த்திருந்தார்கள். நானும் அப்படி வளர்ந்தவள்தானே. பாட்டு வரும், காலைக் காட்டுவார்கள், இடது காலின் சுண்டுவிரல் எழும், எழுந்தால் என் பெரியம்மா சினிமாக்காரி என்று நீ ஒப்புக்கொள்ள வேண்டும் என்றேன். அவன் அதைத் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டான். இடது கால், சுண்டுவிரல்.

அம்மாவை முன்பக்கம் சுரேஷின் அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் வழக்கம்போலத் திரைக்குப் பின்பக்கம் ஓடினோம். முன்பக்கம் பெரியவர்கள் இருப்பார்கள், பேசினால் தலையில் குட்டு விழும். பின்பக்கம் மணலில் படுத்துக்கொண்டு பார்க்கலாம். சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்துப் பிள்ளைகளும் அங்கேதான் வந்து உட்காருவார்கள். மெல்லிய துணித்திரை என்பதால் படம் இந்தப் பக்கமும் நன்றாகவே தெரியும். என்ன, எழுத்துகள் எல்லாம் திரும்பி நிற்கும். கதாநாயகன் இடது கையால் சோறு பிசைவான், இடது கையால் பெரியவர்களுக்குப் பணம் கொடுப்பான். அதைச் சொல்லிச் சொல்லி வாராவாரம் சிரிப்போம்.

அன்று கடல்காற்று பலமாக இருந்தது. கதாநாயகியின் முகம் ஒரு கன்னம் உப்பி, அம்மைக்கட்டு வந்தவர் மாதிரி வந்து வந்து போயிற்று. பாட்டு வந்தது. அவர் கண்ணைச் சுழற்றினார், கையை விரித்தார். பிறகு சட்டென்று இரண்டு பாதங்கள், திரை முழுக்க. நல்லவேளையாகக் காற்று அடங்கியது. அந்தக் கால்கள் ஆடியதை எப்படிச் சொல்வது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. மேலே இருந்த முகத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. முகம் சிரிக்கச் சொன்னதால் சிரித்தது, கால்கள் தாமாகவே சிரித்தன. அப்போது விரல் எழுந்தது. ஒட்டியிருந்த இடத்தைவிட்டுப் பிய்த்துக்கொண்டு, துள்ளி எழுந்தது.

வலது காலில்.

என் காலையே நீட்டி ஒப்பிட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. வலது கால்தான். சுரேஷ் மணலில் புரண்டு சிரித்தான். விரல் எழுந்ததே என்று வாதாடினேன். நீ சொன்னது இடது கால், பேச்சு பேச்சாக இருக்க வேண்டும் என்றான். குப்பத்துப் பெண் ஒருத்தி மட்டும் எனக்காகப் பரிந்துகொண்டு, "எந்த காலுனா இன்னா, நல்லாத்தான ஆடுச்சி" என்றாள். அது நிரூபணத்தில் சேராது. விஞ்ஞானிகள் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேர் இருந்தும், வாராவாரம் இடது கைச் சோற்றுக்குச் சிரித்தவர்கள் ஒருவருக்கும் அன்று அந்தக் கை நினைவுக்கு வரவில்லை.

ரீல் மாற்றுவதற்காக விளக்குப் போட்டார்கள். சுரேஷ் நேரே முன்பக்கம் ஓடினான். நான் பின்னாலேயே ஓடியும் தடுக்க முடியவில்லை. எல்லாரும் கேட்கும்படி, "ஆண்ட்டி, இப்ப ஆடின கால் உங்க அக்கா காலா?" என்று அம்மாவிடமே கேட்டுவிட்டான்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். இருமல் என்று நினைத்தேன். சுரேஷின் அம்மா திரும்பிப் பார்த்தார், முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. அம்மா முந்தானையை எடுத்தாள். "இல்லப்பா. எங்க அக்கா விடுதியில வார்டனா இருந்தாங்க" என்றாள், தன் வானொலிக் குரலில்.

எனக்கு வந்த கோபம் இவ்வளவு அவ்வளவு இல்லை. சுரேஷ் மீதில்லை, அம்மா மீதும் இல்லை. சவுக்கு மரத்தடியில் உட்கார வைத்து இவ்வளவு பெரிய புளுகை அவிழ்த்துவிட்ட பெரியம்மா மீதுதான். நான் அவளை அத்தனை நம்பியிருந்தேன். வீட்டுக்குத் திரும்பியதும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அவளும் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. காற்று பலமா இருந்துச்சா என்று மட்டும், எங்களோடு வந்திருந்த அப்பாவிடம் கேட்டாள்.

நடந்தது என்னவென்று வாசிக்கிறவர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். எனக்கு விளங்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போன வருஷம் அந்தப் படம் கைப்பேசியில் கிடைத்தது. முன்பக்கத்திலிருந்து பார்த்தேன். கைப்பேசிக்குப் பின்பக்கம் கிடையாது, அது ஒரு வசதி. விரல் இடது காலில்தான் எழுந்தது. சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பெரியம்மாவும் இல்லை, அம்மாவும் இல்லை. போய்ச் சொல்ல ஆளில்லை.

அம்மாவின் தங்கை, சித்தி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குப் போன் செய்தேன். மிச்சத்தை அவள்தான் சொன்னாள். ஆடிவிட்டு விடிகாலையில் வீட்டுக்கு வரும் பெரியம்மாவின் காலைச் சுடுதண்ணீரில் உப்புப் போட்டுப் பிடித்துவிடுவது அந்த வீட்டில் என் அம்மாவுக்கு விட்ட வேலையாம். அவள் அப்போது சின்னப் பெண். அந்த விரலை மடியில் வைத்து அமுக்கி விளையாடுவாளாம். ஆனால் அக்கா ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பது பெரியம்மாவின் கட்டளை. தங்கைகள் கொட்டகைப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது, படம் பார்க்கக் கூடாது, அக்கா என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும் விடுதியில் வார்டன் என்றுதான் சொல்ல வேண்டும். நல்ல இடத்தில் கல்யாணம் ஆக வேண்டுமே. வார்டனைக் கண்டுபிடித்தது அம்மா இல்லை, பெரியம்மாதான். சித்திகள் கல்யாணமானதும் கட்டளையை மறந்துவிட்டார்கள். அம்மா மறக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம்வரை அவளுக்கு யாரும் 'போதும்' என்று சொல்லவில்லை.

படம் பார்த்த மறுநாள் காலை நான் எழுந்தபோது இருவரும் கொல்லைப்பக்கம் இருந்தார்கள். பெரியம்மா துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தாள். அம்மா கீழே, ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, கரண்டியில் காய்ச்சிய விளக்கெண்ணெயைத் தொட்டுத் தொட்டு அவள் குதிகால் வெடிப்பில் தடவிக்கொண்டிருந்தாள். நான் பல்கூட விளக்காமல் போய் நின்று தீர்ப்பைச் சொன்னேன். அது அவள் கால் இல்லை, விரல் எழுந்தது வலது காலில், நான் என் கண்ணால் பார்த்தேன், சுரேஷும் பார்த்தான்.

பெரியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எங்க குந்திகினு பாத்த?" என்று கேட்டாள். திரைக்குப் பின்னால் என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்லோடு சேர்ந்து குலுங்கினாள். "அப்ப வலது காலுதான். எவ காலோ, யாரு கண்டா" என்றாள். இவ்வளவு சுலபமாகத் தோல்வியை ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கீழே குனிந்திருந்த அம்மாவின் தலையைப் பார்த்தாள். "நீ எங்க குந்திகினு இருந்த?" என்று அவளிடமும் கேட்டாள்.

அம்மா தலையைத் தூக்கவில்லை. "முன்னாடிதான்க்கா" என்றாள். "முன்னாடிதான் குந்திகினு இருந்தேன்."

அம்மா வாயிலிருந்து அப்படியொரு பேச்சை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பெரியம்மா, "அப்ப சரி" என்றாள்.

அம்மா இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தச் சுண்டுவிரலைக் கட்டைவிரலால் மெதுவாக அமுக்கினாள், விட்டாள். அது எழுந்தது. மறுபடி அமுக்கினாள், மறுபடி எழுந்தது. கரண்டியில் எண்ணெய் தீர்ந்துபோன பிறகும் தடவிக்கொண்டே இருந்தாள். "போதும் வுடு" என்றாள் பெரியம்மா. அம்மா நிறுத்தவில்லை. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பந்தயத்தில் தோற்றவர்களுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை. எனக்குப் பசித்தது. இட்லி எங்கே என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லாததால் நானே எடுத்துப் போட்டுக்கொள்ள உள்ளே போனேன்.